சவ்வரிசி விழுந்த காலை

முப்பந்தலில் ஒன்பது ஆண்டுகள் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தேன். அங்கே எங்களுக்கு ஒரே வேதம்தான்: சீசனில் எந்திரம் நிற்கக்கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாயும் அந்த நான்கைந்து மாதங்களில்தான் ஆண்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு கிடைக்கும். நின்றுபோன எந்திரத்தை எவ்வளவு சீக்கிரம் மறுபடி சுற்ற வைக்கிறான் என்பதை வைத்துத்தான் ஒரு தொழிலாளியை எடைபோடுவார்கள். இடி மின்னல் எங்களுக்குக் கோடை மழையோடும் ஐப்பசி மழையோடும் வரும். பெருங்காற்றுக் காலத்தில் அதைப் பற்றி யாரும் அதிகம் யோசித்ததில்லை.

அந்த வேதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்துக்கு வேலைக்கு வந்தேன். இங்கே கணக்கே வேறு. காற்று சீசன் குளிர்காலம். சைபீரியாவிலிருந்து கிளம்பும் உறைகாற்று ஜப்பான் கடலைத் தாண்டி வருகிறது. அந்தக் கடலில் சுஷிமா என்ற வெப்ப நீரோட்டம் ஓடுவதால், காற்று அடியில் சூடேறி, ஈரத்தை உறிஞ்சி, மேகமாகி, கரையேறியதும் பனியாகக் கொட்டுகிறது. மின்சாரம் நன்றாகக் கிடைக்கும் அதே வாரங்களில் அந்த மேகத்துக்குள்ளிருந்து இடியும் இறங்குகிறது. பக்கத்து நகரமான கனசவாவில் ஆண்டுக்குச் சராசரியாக 40 நாட்களுக்கு மேல் இடி இடிக்கிறது. அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில்தான்.

பனி பெய்யும்போது மின்னுமா என்று நான் கேட்டபோது எங்கள் குழுத் தலைவர் சிரிக்கவில்லை. அவரை நாங்கள் 'ஹன்ச்சோ' என்றுதான் கூப்பிடுவோம். குழுவுக்கு மூத்தவர் என்று பொருள். இந்த இடிக்கு இங்கே இரண்டு பெயர் உண்டு என்றார். ஒன்று 'யுகி ஒகோஷி', பனியை எழுப்புவது. இன்னொன்று 'புரி ஒகோஷி', புரி மீனை எழுப்புவது. அந்த இடி கேட்டால்தான் கொழுத்த புரி மீன் கரைப்பக்கம் வருகிறது என்று மீனவர்கள் நம்புகிறார்கள். இடி இடித்த மறுநாள் விடியலில் காளான் பொறுக்க எங்களை அனுப்பிய என் ஆச்சி நினைவுக்கு வந்தார். இடிக்குப் பயப்படுகிற ஊர்கள்தான் அதனிடம் எதையாவது எதிர்பார்க்கவும் செய்கின்றன போலும்.

அந்த மார்கழியில் ஒரு நாள் காலை, ஒன்பது மணி இருக்கும். ஏழாம் எண் எந்திரம் ஹைட்ராலிக் அழுத்தக் கோளாறு காட்டி நின்றிருந்தது. சின்ன வேலை. மேலே ஏறினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். காற்றோ அருமையான காற்று. நான் ஹார்னஸை மாட்டிக்கொண்டு கோபுரத்தின் கதவருகே நின்றேன். ஹன்ச்சோ வண்டிக்கு வெளியே கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். மேகம் அப்படியொன்றும் பயமுறுத்தவில்லை. கோடை இடிமேகத்தின் கருமையும் இல்லை, உயரமும் இல்லை. சாம்பல் நிறத்தில் தாழ்வாக வந்துகொண்டிருந்தது.

அப்போது என் ஹெல்மெட்டில் ஏதோ தட்டியது. பிறகு டக் டக்கென்று நிறைய. குனிந்து பார்த்தால் ஊறவைத்த சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் தரையில் துள்ளிக்கொண்டிருந்தன. ஆலங்கட்டியைவிடச் சிறியவை, விரலால் நசுக்கினால் நொறுங்குகிறவை. 'அராரே' என்கிறார்கள். ஹன்ச்சோ உள்ளங்கையை நீட்டி நாலைந்து மணிகளைப் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் பொறுப்போம்" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மின்னலை அறியும் கருவியில் எச்சரிக்கை இல்லை. வானில் எந்தச் சத்தமும் இல்லை. ஊரில் நாங்கள் மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர் என்று தொலைவைக் கணக்கிட்டுக்கொண்டு, இறங்கலாமா தொடரலாமா என்று முடிவெடுப்போம். இங்கே எண்ணுவதற்கே ஒன்றும் இல்லாதபோது எதற்காகப் பொறுப்பது என்று வண்டிக்குள் உட்கார்ந்து முணுமுணுத்தேன். தமிழில்தான். ஆனாலும் அவருக்குப் புரிந்திருக்கும்.

மணிகள் நின்று பனி இறங்கியது. பத்தடி தள்ளி இருந்த கோபுரம் மறைந்தது. நாற்பது நிமிடம் இருக்கும். சட்டென்று அந்த வெள்ளை முழுவதும் ஊதாவாக மாறியது. மின்னல் கோடு எதையும் நான் பார்க்கவில்லை. முன்னால், பின்னால், வண்டியின் கூரைமேல், எங்கள் முகங்களில், எல்லாப் பக்கமும் ஒரே ஒளி. அதோடு சேர்ந்தே ஓர் அதிர்வு, நெல் மூட்டையை உயரத்திலிருந்து தரையில் போட்டதுபோல. உருளல் இல்லை, எதிரொலி இல்லை. 'அர்ஜுனா' என்று என் வாய் தானாகச் சொன்னது. அடுத்த இடிக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. எதுவும் நடக்காததுபோல் பனி பெய்துகொண்டே இருந்தது.

'இப்பாட்சு ராய்' என்றார் ஹன்ச்சோ. ஒற்றை வெடி இடி. இங்கே குளிர்கால மேகம் பல சமயம் ஒரே ஒரு முறைதான் இடிக்கும்.

பிறகு அவர் நிதானமாக எனக்கு விளக்கினார். மேகத்துக்குள் அந்தச் சவ்வரிசி மணிகளும் பனிப்படிகங்களும் மோதிக்கொள்ளும்போதுதான் மின்னேற்றம் பிரிகிறது. கோடையில் அது பல கிலோமீட்டர் உயரத்தில் நடக்கும். குளிர்காலத்தில் மேகம் தாழ்ந்து வருவதால் எல்லாமே நம் தலைக்கு அருகில் நடக்கிறது. அதனால் பல சமயம் மின்னல் மேலிருந்து இறங்குவதில்லை; காற்றாலையின் இறக்கை நுனியிலிருந்து மேல்நோக்கிக் கிளம்புகிறது. நாம் நட்டுவைத்த கோபுரமே அதைக் கூப்பிட்டு வரவழைக்கிறது. அதில் பாயும் மின்னேற்றமும் அதிகம். காற்றாலைகள் 300 கூலூம் (மின்னேற்றத்தை அளக்கும் அலகு) தாங்கினால் போதும் என்பது சர்வதேசத் தரம். ஜப்பானின் இந்தக் கரைக்கு 600 கேட்கிறார்கள். பனியோ சத்தத்தை விழுங்கிவிடும். வெகுதூரம் கேட்க வேண்டிய இடி, அடர்பனியில் நாலைந்து கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. நான் நம்பியிருந்த காது இங்கே உதவாது.

அடி வாங்கியது ஏழாம் எண் அல்ல. அதற்கு இரண்டு தள்ளி இருந்த ஐந்தாம் எண். நாங்கள் ஏறியிருந்தாலும் பிழைத்திருப்போம் என்று அன்று மாலை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரவு தூக்கம் வரவில்லை. மேகத்துக்கு ஐந்தும் ஏழும் ஒன்றுதானே.

மறுநாள் தொலைநோக்கிக் கேமராவில் பார்த்தபோது ஐந்தாம் எண்ணின் ஓர் இறக்கை, நுனியிலிருந்து இரண்டு மீட்டருக்குப் பிளந்திருந்தது, காய்ந்து வெடித்த இலவங்காய் மாதிரி. நுனியில் மின்னலை வாங்குவதற்கென்றே பதித்திருந்த உலோகப் பொட்டைச் சுற்றிக் கரி. உள்ளே தேங்கியிருந்த ஈரம் ஒரே நொடியில் நீராவியாகி விரிந்ததில் இறக்கை வெடித்திருக்கிறது. பிறகு நாங்கள் தள்ளி நின்று வெறும் கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹன்ச்சோ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பழுது பார்க்கலாம் என்றால் அந்தக் குளிரில் பசை இறுகாது. வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தை, மாசி, பங்குனி முழுவதும் ஐந்தாம் எண் இறக்கைகளைத் திருப்பிவைத்துக்கொண்டு நின்றது. சுற்றியிருந்த எந்திரங்கள் கடல்காற்றில் இரைய, தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். சீசனில் நிற்கிற எந்திரத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வயிறு கலங்கும். ஆனால் ஹெல்மெட்டில் டக் டக்கென்று விழும்போது யாரும் சொல்லாமலேயே ஹார்னஸைக் கழற்றத் தொடங்கினேன்.

சித்திரையில் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவர்கள் வந்து, கரிந்த பகுதியை அறுத்தெடுத்து, புது இழை ஒட்டி, வண்ணம் பூசினார்கள். அறுத்த துண்டு ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அப்பளம்போல எடையே இல்லை. ஐந்தாம் எண்ணை மறுபடி இயக்கிவிட்டு நாங்கள் அண்ணாந்து நின்றோம். வானம் தெளிவாக இருந்தது. இறக்கைகள் அசையவில்லை. காற்று சீசன் முடிந்திருந்தது.