டாக்யார்ட் ஃபைலுக்காக மூணு தடவ பாலம் தாண்டினேன்

எங்க தாத்தா ஜப்பான்காரன் காலத்துக்கு அப்புறம் சிங்கப்பூர் செம்பவாங்ல இருந்த பிரிட்டிஷ் நேவல் பேஸ்ல பிட்டரா வேல செஞ்சவரு. எங்க ஜேபி (ஜொகூர் பாரு) வீட்டுப் பக்கத்துல சேனிபோங் கரையில நின்னா எதிர்ல தெரியிறது அந்த செம்பவாங் தான். அந்த இடத்த கடற்படைக்கு குடுக்கறத பத்தி அப்போ இருந்த ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்ல என்ன பேசினாங்கன்னு படிச்சுப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆச. இந்த மாதிரி பழைய கவுன்சில் ரெக்கார்ட் தேடப் போறவங்க என்ன மாதிரி மாட்டிக்க வேணாம்னு தான் எழுதறேன், கொஞ்சம் கடுப்போட எழுதறேன், மன்னிச்சுக்கோங்க.

அந்த ரெக்கார்ட் எல்லாம் சிங்கப்பூர்ல ஆவணக் காப்பகத்துல தான் இருக்கு. அங்க ரீடர் கார்டு எடுக்கறதெல்லாம் பத்து நிமிஷம், பாஸ்போர்ட் காட்டினா போதும். பிரச்சன அதுக்கப்புறம்.

முதல் தடவ போனப்போ தப்பு என்னோடது. இன்டெக்ஸ்ல 'டாக்யார்ட்'னு (கப்பல் ரிப்பேர் பண்ற இடம்) தேடினேன். 1921 இல்ல, 1922 இல்ல, மைக்ரோஃபிலிம் (பழைய பக்கங்கள சின்னதா படம் பிடிச்ச ஃபிலிம் ரீல்) மெஷின்ல சக்கரத்த சுத்தி சுத்தி கழுத்து வலி வந்தது தான் மிச்சம். சாயங்காலம் காஸ்வேல (ஜேபிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல இருக்கிற பாலம்) ரெண்டு மணி நேரம் கியூ, பசியாறக்கூட இல்ல. பஸ்ல நின்னுக்கிட்டே யோசிச்சப்போ தான் மண்டையில உறைச்சுது: டாக்யார்ட் கட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ற அதிகாரம் இந்த கவுன்சிலுக்கு எங்க இருந்துச்சு? 1921 ஜூன்லயே லண்டன் கேபினட் முடிவு பண்ணிடுச்சு. இங்க வந்த கேள்வி எல்லாம் நிலமும் காசும் தான். டாக்னு (கப்பல உள்ள ஏத்தி ரிப்பேர் பண்ற தொட்டி) ஒண்ணு வந்து சேர்ந்ததே 1928ல, அதுவும் மிதக்கிற டாக், இங்கிலாந்துல இருந்து கடல்லயே இழுத்துட்டு வந்தது. தரையில தோண்டின கிங் ஜார்ஜ் 6 டாக் திறந்தது 1938 பிப்ரவரி. அப்புறம் 1921 இன்டெக்ஸ்ல 'டாக்'குன்னு தேடினா கிடைக்குமா!

வீட்டுக்கு வந்து டிஜிட்டல் பண்ணி வச்சிருக்கிற பழைய சிங்கப்பூர் பேப்பருங்கள தேடினேன். இத முதல்லயே செஞ்சிருக்கணும். அந்தக் காலத்துல கவுன்சில் கூட்டம் நடந்தா பேப்பர்ல பத்தி பத்தியா போடுவாங்க, அதுல கூட்டம் நடந்த தேதிய பிடிச்சுட்டா பாதி வேல முடிஞ்ச மாதிரி. லண்டன் பார்லிமெண்ட்ல பேசினது ஆன்லைன்ல சும்மாவே கிடைக்குது, 1924 மார்ச்ல பிரிட்டிஷ் பிரதமர் மெக்டொனால்டோட லேபர் கவர்ன்மெண்ட் இந்த பேஸ் வேணாம்னு நிறுத்தினது, அந்த வருஷக் கடைசியில பால்ட்வின் வந்து திரும்ப ஆரம்பிச்சது எல்லாம் உக்காந்த இடத்துலயே படிக்கலாம். நம்ம ஊரு கவுன்சில் பேசினதுக்கு தான் பாலம் தாண்டணும், என்னத்த சொல்ல.

ரெண்டாவது தடவ தேதியோட கெத்தா போனேன். ஸ்லிப்ல 1923னு எழுதிக் குடுத்தேன், முக்கா மணி நேரம் கழிச்சு ரீல் வந்துச்சு, மாட்டிப் பாத்தா 1932. கவுண்டர்ல இருந்த அம்மாகிட்ட சொன்னா "நீங்க என்ன எழுதினீங்களோ அதான் வந்திருக்கு"ங்கறாங்க. நல்லவேளை ஸ்லிப்ப போன்ல படம் பிடிச்சு வச்சிருந்தேன், காட்டினேன். ஒரு சாரி கிடையாது, "மூணு மணிக்கு மேல புது ரிக்வெஸ்ட் எடுக்க மாட்டோம், நாளைக்கு வாங்க". நாளைக்கு வரதுக்கு நான் என்ன மாடியிலயா குடியிருக்கேன்? (ஸ்லிப்ப படம் பிடிக்காம குடுக்காதீங்க, இது முக்கியம்.) வந்ததுக்கு யீஷூன் போயி ஹோலி ட்ரீ பாலசுப்ரமணியர் கோயில்ல ஒரு கும்பிடு போட்டேன். நேவல் பேஸ் தொழிலாளிங்க ஆரம்பிச்ச கோயில் அது, அப்புறமா தான் யீஷூனுக்கு மாறுச்சு. முருகன்கிட்ட ரீல் நம்பரயும் சொல்லிட்டு வந்தேன்.

மூணாவது தடவ வேற ஒரு தம்பி கவுண்டர்ல, ஸ்லிப்ப ஒரு தடவ வாய்விட்டு படிச்சுக் காட்டிட்டு போனாரு, இருபது நிமிஷத்துல சரியான ரீல் கையில. இன்டெக்ஸ்ல 'நிலம்'கிற தலைப்புல போனேன், கிடைச்சிருச்சு!! செம்பவாங்ல 2,845 ஏக்கர், காலனி கவர்ன்மெண்ட் காசு குடுத்து வாங்கி கடற்படைக்கு சும்மா குடுத்தது. கத்தணும் போல இருந்துச்சு, ரீடிங் ரூம்ங்கறதால வாய மூடிக்கிட்டேன்.

இங்கயும் ஒரு குழி இருக்கு. லண்டன் பக்கம் படிச்சா நிலத்தோட மதிப்பு 1,46,000 பவுண்டுன்னு இருக்கும், இங்க கணக்கெல்லாம் ஸ்ட்ரெயிட்ஸ் டாலர்ல. ரெண்டும் ஒத்துப் போகலன்னு அரை மணி நேரம் முழிச்சேன். அப்போ 7 பவுண்டுக்கு 60 டாலர், ஃபிக்ஸட் ரேட். அப்படி போட்டா சுமார் பன்னெண்டரை லட்சம் டாலர் வருது. இந்த ரேட்ட ஒரு பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வச்சுக்கோங்க.

ஒண்ணு சொல்லணும், கவுன்சில்ல பெரிய சண்டை நடந்திருக்கும்னு எதிர்பார்த்து போகாதீங்க. 1923ல அதிகாரிங்க தான் மெஜாரிட்டி, கவர்னர் கில்லெமார்ட் தலைமை, கவர்ன்மெண்ட் நினைச்சது தோக்கறதுக்கு வழியே இல்ல. இந்தியருக்குன்னு ஒரு சீட்டே 1924ல தான் வந்துச்சு. சண்டை வேணும்னா 1895க்கு போங்க, ராணுவச் செலவுக்கு காலனி இவ்வளவு கட்டணும்னு லண்டன் சொன்னதுக்கு அதிகாரி அல்லாத மெம்பருங்க ராஜினாமாவே பண்ணிட்டாங்க. அந்த ரீலுக்கும் ஸ்லிப் எழுதிப் போட்டுட்டு தான் வந்தேன், வருஷத்த எழுத்துலயும் எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டு.