காசிமேட்டு மொட்டைமாடியில் ஏதென்ஸ்

பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தமே ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய இடம். தூண் வைத்த அந்தப் பழைய கட்டடத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேடு போனேன். ஏலமெல்லாம் காலையிலேயே முடிந்திருந்தது. சாயங்காலத்தில் வலை பின்னுகிறவர்களும் மீன் வாடையும்தான்.

நண்பர் ஒருவர் அங்கே மொட்டைமாடியில் டியூஷன் நடத்துகிறார். அன்றைய பாடம், பழைய ஏதென்ஸின் ஆட்சிமுறை. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டார். அதுதான் மக்கள் சபை. இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளும் உள்ளே ஏறி நின்றார்கள்.

"பொண்ணுங்க எல்லாம் வெளிய வாங்க. அங்க உங்களுக்கு ஓட்டு இல்ல."

ஒரே கூச்சல். அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் அப்படியே வெளியே. அப்புறம் கி.மு. 451-ல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம்: அப்பா மட்டுமல்ல, அம்மாவும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடிமகன். யாருக்கெல்லாம் அம்மா வெளியூர்? ஒருவன் அம்மாவுக்கு நெல்லூர், இன்னொருவனுக்குத் தூத்துக்குடி. கடைசியில் வட்டத்துக்குள் நான்கு பையன்கள் மிஞ்சினார்கள், ஆளுக்கொரு மூலையில்.

இதில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது பெரிக்ளிஸ் மாட்டிக்கொண்ட கதை. அவர் பிற்பாடு சேர்ந்து வாழ்ந்த அஸ்பாசியா மிலேட்டஸ் ஊர்க்காரி. அவளுக்குப் பிறந்த மகனுக்கு அந்தச் சட்டப்படி குடியுரிமை இல்லை. மூத்த மகன்கள் இருவரும் கொள்ளைநோயில் போன பிறகு, இந்தப் பையனுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள் என்று மக்களிடமே கேட்டு வாங்கினார். "அவர் போட்ட சட்டத்துக்கு அவரே சிபாரிசா?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

பானைச் சில்லில் பெயர் கீறி ஒருவரைப் பத்து வருஷம் ஊரைவிட்டு அனுப்பும் வழக்கமும் வந்தது. ஏதென்ஸின் தளபதி தெமிஸ்டாக்ளிஸ் பெயர் கீறிய 190 சில்லுகள் ஒரே கிணற்றில் கிடைத்தன, எழுதிய கைகளோ பதினான்குதான் என்றதும், "கள்ள ஓட்டு!" என்று மாடியே அலறியது. ஆளுக்கு ஒன்று கொடுக்க முன்கூட்டியே எழுதி வைத்திருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அதை யார் கேட்டார்கள்?

வெளியே நின்ற ஒரு பெண் விடவில்லை. "எங்கம்மாதாண்ணா மீன் வித்துக் காசு கொண்டாராங்க. அவங்களும் வெளியவா?"

"ஊர்ப் பஞ்சாயத்துல மட்டும் உக்கார வச்சுருக்காங்களா?" என்றான் வட்டத்துக்குள் நின்றவன். அதற்கு அவள், "மேயர் அக்கா நம்ம வடசென்னைதான், தெரியும்ல?" என்றாள். அரைமணி நேரம் சண்டை. நண்பர் குறுக்கே போகவில்லை, நல்லதாகப் போயிற்று.

ஏதென்ஸில் 500 பேர் ஆலோசனைச் சபைக்குக் குலுக்கலில்தான் ஆள் எடுத்தார்கள். நம் உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் குடவோலை உண்டே, நேரில் போய்ப் பார்க்கலாம் என்று முடிவானது. வேன் வாடகை பேச யார் போவது? சீட்டெழுதிக் குலுக்கினார்கள். என் பெயர் வந்தது. நான் வெளியூர், எனக்கு அங்கே குடியுரிமையே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.