சோலைமந்தியோட பிடரி ஒருவழியா வெடிக்காம வந்துருச்சு

காலாண்டு லீவுக்கு குடும்பத்தோட வால்பாறை போயிட்டு வந்தோம். மாமனார், மாமியார், ரெண்டு வாண்டுங்க, வாடகை இன்னோவா. போட்டோ டிரிப்னு சொன்னா வீட்ல விட மாட்டாங்க, அதனால துணி பேக்குக்கு அடியில கேமராவ வச்சு எடுத்துட்டு போனதுதான். ஆனா ரொம்ப நாளா என்னைய வெறுப்பேத்திட்டு இருந்த ஒரு மேட்டர் இந்த தடவ படிஞ்சிருச்சு, அதான் சூட்டோட சூடா எழுதிடறேன்.

சோலைமந்திய, அதாவது சிங்கவால் குரங்க, போட்டோ எடுத்தவங்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். உடம்பு கருகருன்னு இருக்கும், மூஞ்சிய சுத்தி மட்டும் வெளிர் சாம்பல்ல பிடரி. உக்காந்திருக்கறது மர நிழல்ல. கேமராவுக்கு எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பலாக்கணும், அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது, இவ்வளவு கருப்பப் பாத்ததும் எக்ஸ்போஷர (படத்துக்குள்ள விடற வெளிச்ச அளவ) ஏத்தி விட்டுரும். கருப்பு ரோமம் வெளுத்து போயிரும், பிடரி மூஞ்சியில பஞ்ச ஒட்டுன மாதிரி ஒரே வெள்ளையா வெடிச்சிரும். ரா ஃபைல்லயும் (சென்சார் பாத்தத அப்படியே வச்சிருக்கற ஃபைல்) வெடிச்ச எடத்துல ஒண்ணும் மீட்க முடியாது.

"மைனஸ் ஒண்ணு போடுங்க பாஸ்"னு எல்லாரும் ஈஸியா சொல்லிடறாங்க, அதாவது எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் எறக்கி வெளிச்சத்த பாதியாக்கறது. ஃபிரேம் பூரா குரங்கு நெறஞ்சிருந்தா சரி, மைனஸ் ஒண்ணு வேலை செய்யும். அதே குரங்கு ரெண்டடி மேல ஏறி பின்னாடி இலை இடுக்குல வானம் தெரிஞ்சா? இப்ப கேமரா வானத்தப் பாத்து தானே எறக்கும், அதுக்கு மேல நம்ம மைனஸ் வேற, குரங்கு இருந்த எடத்துல ஒரு கருப்பு ஓட்டைதான் மிஞ்சும். டயல திருப்பி பிளஸ்சுக்கு போறதுக்குள்ள அது மறுபடி கீழ எறங்கி புதருக்குள்ள. இந்த ஏத்தம் எறக்கம் ஆட்டத்துல எத்தனையோ நல்ல போஸ் போயிருக்கு.

இந்த வாட்டி கேமரா பேச்சையே கேக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். மேனுவல் மோடு, ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன எடத்துல மட்டும் வெளிச்சத்த அளக்கறது), அப்புறம் என் உள்ளங்கை. ஃபிலிம் காலத்து ஆளுங்க பண்ணுன பழைய வித்தைதான், புதுசு ஒண்ணுமில்ல. உள்ளங்கை நடுத்தர சாம்பல விட சுமாரா ஒரு ஸ்டாப் வெளிச்சமா இருக்கும், கை மேல் தோல் எவ்வளவு கருப்போ செவப்போ உள்ளங்கை அவ்வளவா மாறாது. ஆனா "சுமாரா"வ நம்பி போகல, வீட்லயே கிரே கார்டு (நடுத்தர சாம்பல் கலர் அட்டை) பக்கத்துல கைய வச்சு பாத்துக்கிட்டேன், என் கைக்கு ஒரு ஸ்டாப் வரல, மூணுல ரெண்டு பங்குதான் வந்துச்சு. அப்ப குரங்கு மேல விழற அதே வெளிச்சத்துல கைய நீட்டி, கைய மட்டும் மீட்டர் பண்ணி, மீட்டர் முள்ளு பிளஸ்ல ரெண்டு கோடு (ஒரு கோடு மூணுல ஒரு பங்கு ஸ்டாப்) காட்டற மாதிரி வச்சுட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் குரங்கு ஏறட்டும், எறங்கட்டும், பின்னாடி வானம் வரட்டும், எக்ஸ்போஷர் அசையாது. மேகம் மூடுனாலோ வெயில் வந்தாலோ மட்டும் மறுபடி ஒருக்கா கை. (மருதாணி வச்ச கை ஆகாது. வீட்டம்மா கைய வச்சு டெஸ்ட் பண்ணி பாத்துட்டேன்.)

கை இல்லாம தேயிலை இலையில மீட்டர் பண்ணலாமேன்னு கேப்பீங்க. பண்ணிப் பாத்தாச்சு. பச்சைப் புல்லு பரவால்ல, தேயிலை எலை மினுமினுன்னு வானத்த திருப்பி காட்டுது, அதுல தூறல் வேற விழுந்துருந்துச்சுன்னா ஒவ்வொரு எலைக்கும் ஒவ்வொரு கணக்கு சொல்லும். காய்ஞ்ச தார் ரோடு கிட்டத்தட்ட சரியா வருது, ஆனா வால்பாறையில காய்ஞ்ச ரோட்டுக்கு எங்க போறது.

புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரமாவே கூட்டமா இருந்துச்சுங்க. வண்டிய ஓரங்கட்டி எறங்கி, கைய நீட்டி கேமராவ கைக்கு காட்டிட்டு நிக்கறேன், மாமா கண்ணாடிய எறக்கி "மாப்ள, கொரங்கு அந்தப் பக்கம்"ங்கறாரு. வீட்டம்மா "ஏங்க, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க, மொதல்ல உள்ள வாங்க"ன்னு. விடல. 55-250 லென்ஸோட கடைசி முனை, எஃப் 5.6, ஷட்டர் 1/400 செகண்ட், ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 3200. கிராப் பாடிக்கு (சின்ன சென்சார் கேமராவுக்கு) 250 மி.மீ.ன்னா 400 மி.மீ. கணக்கு, அதனால 1/400க்கு கீழ ஷட்டர எறக்கல, ஸ்டெபிலைசேஷன் நம்ம கை ஆட்டத்துக்குதான், குரங்கு ஆட்டத்துக்கு இல்ல. ஒரு பெரிய கடுவன் கிளையில பட்டைய உரிச்சு பூச்சி தேடிட்டு இருந்துச்சு, தலைய நிமித்தி பாத்த அந்த நொடிதான் எனக்கு கெடச்சது. பெருசு பண்ணி பாத்தா பிடரியில முடி முடியா பிரிஞ்சு நிக்குது, தாடி நுனியில தூறல் சொட்டு கூட தெரியுது, உடம்பு கருப்பு கருப்பாவே இருக்கு, கருப்புக்குள்ள ரோமமும் இருக்கு. கொஞ்சம் பெருமையடிச்சுக்கறேன், மன்னிச்சிருங்க.

அங்க ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் குறுக்க பாலம் மாதிரி கட்டி விட்ருக்காங்க, குரங்குங்க வண்டியில அடிபடாம கடக்கறதுக்கு. அதுல போறப்ப எடுக்கலாம்னா பின்னாடி மொத்தமும் வானம், கை மீட்டர்ல குரங்கு சரியா வந்தாலும் வானம் வெள்ளையா போயிரும், ரோமத்து ஓரத்துல ஊதா கலர் வேற அடிக்குது. அத விட்டுட்டேன். ஒரு வண்டிக்காரங்க செல்ஃபிக்கு கிட்ட வரணும்னு பிஸ்கட் தூக்கி போட்டாங்க பாருங்க, அதுங்க ரோட்டுல எறங்கி நிக்கறதுக்கே இந்த புண்ணியவானுங்கதான் காரணம். அவங்ககிட்ட சொன்னா நம்மள மொறைக்கறாங்க.

மத்த ஸ்டாப்ப பத்தி சுருக்கமா. 40 கொண்டை ஊசியில சின்னவன் வழக்கம்போல வாந்தி. ஒம்பதாவது வளைவு லோம்ஸ் வியூல வரையாடு பாறை மேல சாவகாசமா நின்னுச்சு, அதுக்கு எந்த வித்தையும் வேணாம், பழுப்பு ஆடு, சாம்பல் பாறை, கேமராவே பாத்துக்கும். ஆழியார்ல ஏசி வண்டியில இருந்து எறங்குன கையோட லென்ஸ் எடுத்தா ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாது, அதனால பொள்ளாச்சி தாண்டுனதும் ஏசிய நிறுத்த சொல்லிட்டேன். மாமியார் இன்னும் அத மறக்கல. போலரைசர் ஃபில்டர் போட்டு எடுத்த தேயிலைத் தோட்டம் நல்லா வந்திருக்கு, எலை மினுக்கு போயி பச்சை தெரியுது, ஆனா அது ஒன்றரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்த தின்னுரும், நிழல்ல இருக்கற குரங்குக்கு அத மாட்டாதீங்க.

150-600 லென்ஸ் ஒண்ணு வாடகைக்கு எடுக்கலாம்னு கோவையில ஒரு எடத்துல கேட்டேன். டெபாசிட்டுன்னு அவங்க சொன்ன தொகைக்கு பழைய லென்ஸே வாங்கிரலாம் போல, அதுவும் முன் கண்ணாடியில கீறலோட, கேட்டா "போட்டோல தெரியாது சார்"ங்கறாங்க. அந்த லென்ஸே சுமாரா ரெண்டு கிலோ வரும், ஒரு கையில அத புடிச்சுட்டு இன்னொரு கைய எங்க நீட்டறது? அதனால அது இப்போதைக்கு தள்ளி வச்சாச்சு. சிலிக்கா ஜெல் மட்டும் கெமிக்கல் கடையில மொத்தமா வாங்கிட்டேன், கேமரா கடையில பொட்டலம் பொட்டலமா வாங்கறதுக்கு ரொம்ப மலிவு. ரப்பர் வச்ச மூடி டப்பாவுக்குள்ள போட்டா போதும், கலர் மாறுனா சூடு பண்ணி மறுபடி போடலாம். மழை ஊருக்கு போயிட்டு வந்து லென்ஸ பேக்லயே விட்டீங்கன்னா பூஞ்சைதான்.

அடுத்து இருவாச்சி. ஜனவரிக்கு மேல பொட்டை மரப்பொந்துக்குள்ள தன்ன அடைச்சுக்கும், ஆண் பறவதான் பழம் கொண்டாந்து ஊட்டும். கூடு கிட்ட போற எண்ணம் இல்ல, பழ மரத்துல கெடச்சா போதும். கருப்பு றெக்கை, வெளுத்த கழுத்து, மஞ்ச அலகு, மேல பறக்கறப்ப பின்னாடி வானம், அதனால அதுக்கு கை கணக்கு எவ்வளவு தூரம் ஒத்து வரும்னு தெரியல.

அதுக்கு முன்னாடி இந்த குரங்கு ஃபைல முடிக்கணும். ஐஎஸ்ஓ 3200ல கருப்புக்குள்ள நாய்ஸ் இருக்கு, டினாய்ஸ் (அந்த நாய்ஸ அழிக்கற செட்டிங்) கூட்டுனா பிடரி முடி கொழகொழன்னு ஆயிருது, கூட்டலன்னா உடம்பு பூரா பொரி பொரியா தெரியுது. உடம்புக்கு மட்டும் தனியா மாஸ்க் போட ஆரம்பிச்சேன், லேப்டாப் பாதியில உறைஞ்சு நின்னுருச்சு. 8 ஜிபி ரேம் மெஷின்ல யாராச்சும் இந்த மாஸ்க் வேலைய ஓட்டறீங்கன்னா எப்படின்னு சொல்லுங்க.