ஓடைக்கரைப் பாசி: பேரினம் தெரிந்தது, இனம் பாக்கி

பழனி மலையில், தாண்டிக்குடியில் சித்தப்பாவின் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு ஓடை ஓடுகிறது. அதன் கரை மண்ணிலிருந்து எடுத்த பாசியை ஒருவழியாக ஃபிஸிடென்ஸ் என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை அடையாளம் கண்டுவிட்டேன். குளத்தில் மிதக்கும் பாசி இல்லை இது. ஈரமண்ணில் அரை விரல் உயரம்கூட வராமல் ஒட்டிக் கிடக்கும் சின்னச் செடி. இது எந்த இனம், ஏற்கெனவே பெயர் உள்ளதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

பேரினத்தைச் சொல்வது பெரிய வித்தை இல்லை, பத்து மடங்கு கைலென்ஸ் போதும். இலைகள் தண்டின் இரண்டு பக்கமும் மட்டும், தட்டையாக, குட்டித் தென்னங்கீற்று மாதிரி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு இலையின் அடிப்பகுதியும் இரண்டு மடலாகப் பிளந்து தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்தப் பிளவைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். தலைவலி அதற்கு அப்புறம்தான். உலகத்தில் ஃபிஸிடென்ஸ் இனங்கள் நானூறுக்கும் மேல்.

பாசி சேகரிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பூச்செடி மாதிரி அழுத்தி, தாள் மாற்றி, பூச்சி விழாமல் காக்க வேண்டியதில்லை. காகிதத்தை மடித்துப் பொட்டலமாக்கி நிழலில் காயவிட்டால் போதும். பல மாதம் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் சுருண்ட இலைகள் நிமிர்ந்து பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பொட்டலத்தின் மேல் இடம், தேதி, உயரம், எதன்மேல் வளர்ந்தது, சேகரித்தவர் எண் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இவை இல்லாத மாதிரி வெறும் காய்ந்த புல். இன்னொன்று: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சிட்டிகைகூட எடுக்கக் கூடாது. சொந்தக்காரர் தோட்டத்தையே நான் சுற்றிவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இலையைக் குறுக்கே சீவுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம். கண்ணாடித் தகட்டில் இலையை வைத்து, மேலே இன்னொரு தகட்டை மூடி, அதன் விளிம்பை ஒட்டி புது சவர பிளேடால் சீவுகிறேன். மேல் தகட்டை மயிரிழை பின்னுக்கு நகர்த்திவிட்டு மறுபடி சீவல். பெரும்பாலான துண்டுகள் குப்பைக்குத்தான். நல்லதாக ஒன்றிரண்டு தேறினால் கிளிசரினில் வைத்து நானூறு மடங்கில் பார்க்கலாம்.

பார்த்ததில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, இலை விளிம்பில் நீளமான, ஒடுங்கிய செல்களால் ஆன கரை. என் மாதிரியில் அந்தக் கரை பிளந்த அடிமடலில் மட்டும் தெளிவாக இருக்கிறது, மேலே போனதும் காணோம். இரண்டாவது, செல்களின் மேல் நுண்ணிய புடைப்புகள். வழவழப்பான செல் என்றால் வெளிச்சம் அப்படியே ஊடுருவும், புடைப்பு இருந்தால் இலை மங்கலாகக் கருத்துத் தெரியும். என்னுடையது கருப்பு. ஒரு செல்லுக்கு ஒரு புடைப்பா, பலவா என்பதைக் குறுக்குச் சீவலில்தான் உறுதிசெய்ய முடியும். பல.

ஐப்பசி மழைக்கு அப்புறம் காம்பும், அதன் நுனியில் ஸ்போர் என்ற வித்துத்தூள் நிறைந்த உறையான கேப்சூலும் வந்தன. கேப்சூலின் வாயைச் சுற்றிச் செந்நிறத்தில் 16 பற்கள், ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காய்ந்த கேப்சூலை லென்ஸுக்கு அடியில் வைத்து மெல்ல மூச்சை ஊதினால் ஈரம் பட்டதும் பற்கள் அசைந்து வளைகின்றன. ஸ்போர் வெளியேறுவதை நெறிப்படுத்துவது இந்த அசைவுதான். அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை.

எச். சி. கங்குலி கிழக்கிந்தியப் பாசிகளுக்கு எழுதிய நூலில், அடையாளங்களைக் கேட்டுக் கேட்டு இனத்துக்கு இட்டுச்செல்லும் திறவுகோலை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போனால், கடைசிக்கு முந்தின படியில் இலை நுனியும் நடுநரம்பும் ஒத்துப்போக மறுக்கின்றன. அதற்காகப் 'புது இனம்' என்று குதிக்க முடியாது. அவர் எழுதியது கிழக்குப் பகுதிக்கு, நான் இருப்பது பழனி மலை. இங்கே செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ நீண்ட காலம் பாசி சேகரித்தார். அவர் அனுப்பியவற்றிலிருந்து பாசி ஆய்வாளர்களான டிக்ஸனும் போட்டியே த லா வார்தும் பல புது இனங்களை விவரித்தார்கள். ஃபோரோவெல்லா என்று ஒரு பேரினமே அவர் பெயரில் இருக்கிறது. பழனி மலைப் பாசிகளின் பட்டியலை 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அவர் வெளியிட்டார். இந்த மலையில் அந்த மனிதர் கண்ணில் படாமல் தப்பிய பாசியா என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். ஸ்போர் காற்றில் வெகுதூரம் போகும் என்பதால் இலங்கையிலோ ஜாவாவிலோ ஆப்பிரிக்காவிலோ இதற்குப் பெயர் வைத்து முடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

உண்மையிலேயே புதுசு என்றால் சடங்குகள் இருக்கின்றன. பாசிப் பெயர்களுக்குப் பெரும்பாலும் ஹெட்விக்கின் 1801 நூல்தான் தொடக்கக் கோடு. ஒரு மாதிரியை மூலமாதிரி (அந்தப் பெயருக்கு நிரந்தர ஆதாரம்) என்று குறித்து, உலர்தாவரக் காப்பகமான ஹெர்பேரியத்தில் வைக்க வேண்டும். விவரிப்பு 2011 முடியும்வரை லத்தீனில்தான் இருந்தாக வேண்டும், 2012 முதல் ஆங்கிலமும் செல்லும். தமிழில் எழுதினால் மட்டும் செல்லாது, என்ன செய்வது. அண்டார்க்டிகாவில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையத்துக்கு அருகே 2017இல் எடுத்த பாசியை மரபணுவரை ஒப்பிட்டு, பிரையம் பாரதியென்சிஸ் என்ற புது இனமாக ஆய்வாளர்கள் 2021இல்தான் அறிவித்தார்கள். அவர்களுக்கே அவ்வளவு காலம்!

மாதிரியை இரண்டு பொட்டலமாகப் பிரித்துவிட்டேன். ஒன்றைக் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள ஃபிஸிடென்ஸ் தாள்களோடு வைத்துப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வருவதற்குள் இலைச் செல்களின் அளவை எடுத்து முடிக்க வேண்டும். ஒரே தண்டில் கீழ் இலை, நடு இலை, மேல் இலை என்று தனித்தனியாக. விளிம்புக் கரை எந்த இலையில் எங்கே நிற்கிறது என்பது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.