நோய்க்குறிப்பு எழுதக் கற்ற கதை

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். சென்னையில் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது அந்த மணிக்கணக்கை நிரப்புவதற்காகத்தான் ஒரு நாய் காப்பகத்துக்குப் போனேன். நாய்கள்மீது எனக்கு வெறுப்பும் கிடையாது, பெரிய பிரியமும் கிடையாது. நன்கொடைக் கணக்கு எழுதித் தரலாம் என்பது என் எண்ணம். வாசலிலேயே, "முதலில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வா, அம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரேபிஸுக்கு முன்கூட்டியே போடும் ஊசி அது. முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று தவணை. அதைப் போட்டிருந்தாலும், நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். இதில் கண்டிப்பு காட்டாத காப்பகத்துக்கு எந்த மாணவரும் போக வேண்டாம் என்பேன்.

ஆரம்பத்தில் கூண்டு கழுவுவது, சோறு வடிப்பது, உண்ணி எடுப்பது. அங்கே பல காலமாக வேலை பார்த்த அக்கா ஒருவர்தான் நாயிடம் போகும் முறையைச் சொல்லித் தந்தார். "நேராகக் கண்ணைப் பார்க்காதே, கண்ணு. பக்கவாட்டில் உட்கார். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதே. அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும்." எவ்வளவு நேரமானாலும் அவர் காத்திருப்பார். மிரண்டுபோய் மூலையில் ஒட்டிக்கிடந்த நாய்கள் அவரிடம் நகர்ந்து வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆள் குறைவாக இருந்த ஒரு பருவத்தில் என்னைப் பார்வோ வார்டுக்கு மாற்றினார்கள். பார்வோ பெரும்பாலும் குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய். முதலில் வாந்தி, பிறகு ரத்தம் கலந்த கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாதாரண பினாயிலை நம்பி அங்கே இருக்க முடியாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். உள்ளே போனவர் அன்று மற்றக் குட்டிகளைத் தொடக் கூடாது. பெரும்பாலான இடங்களில் சிகிச்சை என்பது சலைன் ஏற்றுவது, வாந்தியை நிறுத்துவது, வேறு தொற்று வராமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது, உடம்பைச் சூடாக வைத்திருப்பது. குட்டியின் உடல்தான் வைரஸை வெல்ல வேண்டும்.

அந்த வார்டில் எனக்குக் கொடுத்த வேலை நோய்க்குறிப்பு எழுதுவது. வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் சரி. நோயுற்ற குட்டிக்கு அது இறங்கிக்கொண்டே போனால் காய்ச்சலைவிட ஆபத்து. ஈறு இளஞ்சிவப்பா, வெளுத்திருக்கிறதா? கழுத்துத் தோலை இழுத்து விட்டால் உடனே படிகிறதா? எத்தனை முறை வாந்தி, எப்போது? கணக்குப் பதிவேட்டின் கட்டங்கள் எனக்குப் பழக்கம். இங்கே ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஓர் உயிர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மாலை, கறுப்புக் குட்டி ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைக் கவிழ்த்தபடி குடிக்காமலே நின்றது. அதையும் எழுதிவைத்தேன். மறுநாள் டாக்டர் அந்த வரியில் விரலை வைத்து, "இதை யார் பார்த்தது?" என்று கேட்டார். வாந்தி நின்றுவிட்டாலும் குமட்டல் நிற்கவில்லை என்பதற்கு அது அடையாளம் என்று விளக்கி, ஊசியை மாற்றினார். சில நாட்களில் குட்டி கஞ்சி குடித்தது. நான் பார்த்து எழுதிய ஒரு வரியால் சிகிச்சை மாறியதே என்ற எண்ணத்தில் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்படியொரு நிறைவை எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் எனக்குத் தந்ததில்லை.

கால்நடை மருத்துவம் படிக்கலாமா என்று விசாரித்தேன். அதற்கு பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். நான் வணிகவியல் பிரிவு. சில வாரங்கள் மிகவும் வருந்தினேன். பிறகு அதே காப்பகத்தில் இன்னொரு வேலை கண்ணில் பட்டது: தெருநாய்க் கருத்தடைப் பதிவு. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழியை 1964இலேயே சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு தொடங்கிவிட்டது. 2001இல் இதற்கு மத்திய அரசின் விதிகள் வந்தன, 2023இல் புதிய விதிகள். பிடித்த நாய்க்குக் கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் போட்டு, காதில் அடையாளம் இட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் அடிப்படை. தெரு மாற்றி விட்டால் அங்குள்ள நாய்கள் அதைக் குதறிவிடும். ஊசி போட்ட நாய் தன் தெருவில் இருக்கும்வரை வெளிநாய்கள் எளிதில் நுழையாது. ஆகவே எந்தத் தெரு, எந்தக் கடை வாசல், என்ன நிறம், எந்தத் தேதி என்ற பதிவு பிசகவே கூடாது.

பட்டப்படிப்பு முடிந்ததும் அந்தப் பதிவுகளைப் பொறுப்பேற்கும் வேலையில் சேர்ந்தேன். காலையில் வார்டு, பிற்பகலில் பதிவேடு. வங்கித் தேர்வு எழுதுவேன் என்று காத்திருந்த அப்பா, "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அவர் கவலையில் நியாயம் இருப்பதால் நான் வாதாடுவதில்லை.

இப்போது புதிதாக வரும் மாணவர்களில் பலர் குட்டிகளோடு விளையாடும் வேலையைக் கேட்கிறார்கள். அதுவும் தேவைதான், மனிதரிடம் பழகிய குட்டிக்கே வீடு கிடைக்கும். ஆனால் மூன்று தவணை ஊசியையும் முடித்தவர்களிடம் ஒரு நோட்டும் தெர்மாமீட்டரும் கொடுத்து, ஒரு வாரம் நோயாளி வார்டில் உட்காரச் சொல்கிறேன்.