புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டேன்!

நேற்று ராத்திரிதான் ஊர் திரும்பினேன். செலவுக் கணக்கை முதலில் எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த முற்றம் கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அதற்கு முன் ஆட்டோ விஷயம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரங்கப்பிள்ளை வீதி அப்படியொன்றும் தூரமில்லை. 200 ரூபாய் கேட்டார். 120 தருகிறேன் என்றதற்கு, "அப்போ வெயில்ல நடந்து போங்க சார்" என்று பதில். தோளில் பை, உச்சி வெயில், வேறு வழியில்லாமல் ஏறினேன். குபேர் மார்க்கெட் முனையிலேயே இறக்கிவிட்டு, இதற்கு மேல் வண்டி போகாது என்றார். நாள் முழுக்க 1000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று வந்தவனிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம். வெளியூர் முகத்தைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். மார்க்கெட் இரைச்சலை ஒட்டியே இருக்கிறது. 1738 வாக்கில் கட்டியது. நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. முன்பே அனுமதி கேட்டு வைத்திருந்ததால் அரை மணி நேரம் கிடைத்தது.

கீழே நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள். எங்கள் பாட்டி வீட்டுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது. அப்படியே நிமிர்ந்து பார்த்தால் மாடியில் வெள்ளை வெளேரென்று காரைத்தூண்கள், முழுக்கப் பிரெஞ்சுப் பாணி! ஒரே வீட்டில் இரண்டு ஊர். கட்டியவரின் வாழ்க்கையும் அதுதானே. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிரெஞ்சுக்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவே நின்று பேசியவர் பிள்ளை. 1736-இல் தொடங்கி, கப்பல் வரத்து, சரக்கு, கவர்னர் மாளிகைப் பேச்சு என்று கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அந்தத் தூணில் கை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1761 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இந்த வீடு தப்பியது. 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். ஆக, கடற்கரைப் பக்கம் எல்லோரும் போட்டோ எடுக்கும் மஞ்சள் சுவர் வீடுகள் இதைவிட வயதில் சின்னவை. அங்கே நிற்க இடமில்லாத கூட்டம், இங்கே நான் ஒருவன். எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அப்புறம் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன மெஸ். வாழை இலை, சூடான சோறு, சங்கரா மீன் குழம்பு. புளியும் காரமும் அவ்வளவு சரியாகச் சேர்ந்திருந்தன. இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டேன். 130 ரூபாய்தான். ஆட்டோவில் போன எரிச்சல் அங்கேதான் தீர்ந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தே போனேன். போகிறவர்கள் அனுமதி வாங்காமல் கிளம்ப வேண்டாம். உள்ளே போனால் முதலில் முற்றத்தில் நின்று மேலே பாருங்கள், மாடிக்கு அப்புறம் ஏறலாம்.