சாக்பீஸ் வட்டமும் ஒன்றரைச் சுற்றும்

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே பெரம்பூரில் நாங்கள் ஸ்கேட்டிங் பயிற்சி செய்யும் சிமெண்ட் தளத்துக்குச் சென்று, மூன்று மீட்டர் கயிற்றின் ஒரு நுனியை ஒரு மாணவனிடம் கொடுத்து நடுவில் உட்கார வைத்துவிட்டு, மறுநுனியில் கட்டிய சாக்பீஸை இழுத்துக்கொண்டு சுற்றி வந்து, 6 மீட்டர் விட்டமுள்ள வட்டங்களை ஒன்றையொன்று தொடும்படி வரைவது பல வருடங்களாக என் வழக்கம். பெயிண்டால் நிரந்தரமாக வரைந்துகொள்ள அனுமதி கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் பேட்மிண்டன் ஆடுபவர்களின் காலடியில் கோடுகள் மங்கிவிடும். மழை பெய்தால் அன்றைக்கே போய்விடும்.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே இத்தகைய வட்டங்களிலிருந்து வந்ததுதான். ஒற்றைக் காலில் நின்று, உள் எட்ஜிலோ வெளி எட்ஜிலோ, அதாவது பாதத்தின் உள் விளிம்பிலோ வெளி விளிம்பிலோ சாய்ந்து, கோட்டை விட்டு விலகாமல் ஒரு முழு வட்டத்தை முடிப்பது பார்ப்பவருக்கு அலுப்பூட்டும் காரியம். செய்பவருக்கு அதைவிடக் கடினமானது குறைவு. பனித்தளப் போட்டிகளில் 1990-க்குப் பிறகு இந்தக் கட்டாய ஃபிகர்கள் கைவிடப்பட்டன. நான் கற்றுக்கொடுப்பது அதன் சகோதரக் கலையான ஆர்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங். கத்திக்குப் பதிலாக முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நான்கு சக்கரங்கள், தரையை ஊன்றுவதற்கு முனையில் ஒரு டோ ஸ்டாப். தாவல்களின் பெயர்களும் சுழற்சிகளின் இலக்கணமும் பெரும்பாலும் பனியில் உள்ளவையே. சக்கரத்தில் வட்டம் இன்னும் வழக்கொழியவில்லை.

எங்கள் பகுதியில் ஸ்கேட்டிங் என்றால் வேகப் போட்டி என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது: 2025 உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார் தமிழ்நாட்டுக்காரர். ஆர்டிஸ்டிக் பிரிவில் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அனுப் குமார் யாமா தனிநபர், ஜோடி என இரண்டு வெண்கலங்கள் பெற்றதை என் மாணவர்களின் வீடுகளில் நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். வேகப் போட்டியில் ஸ்டாப்வாட்ச் தீர்ப்புச் சொல்லிவிடும். எங்களிடம் வரும் பெற்றோரும் அதைப் போன்ற ஒரு எண்ணைத்தான் தேடுகிறார்கள். “மாஸ்டர், டபுள் எப்போ வரும்?” என்று இரட்டைச் சுற்றுத் தாவலைப் பற்றிக் கேட்ட தாய்மார்கள் அநேகம், பிள்ளை பாட்டுக்கு ஏற்ப ஆடுகிறாளா என்று கேட்டவர் எனக்கு நினைவில் இல்லை.

அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை, ஏனெனில் மதிப்பெண் முறையே அந்த ஆசையை வளர்க்கிறது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் எழுந்த தீர்ப்புச் சர்ச்சைக்குப் பின்னர், 6.0 என்ற பழைய அளவுகோலைக் கைவிட்டு, 2004-இல் ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி அடிப்படை மதிப்பு வைக்கும் புதிய முறையைப் பனிச்சறுக்கு உலகம் ஏற்றுக்கொண்டது. ஆக்ஸல் என்ற தாவலை எடுத்துக்கொண்டால், சிங்கிளுக்கு 1.10, டபுளுக்கு 3.30, ட்ரிப்பிளுக்கு 8.00, நான்கரைச் சுற்று ஆக்ஸலுக்கு 12.50. கலைக்குரிய பகுதி 2022-23 பருவத்திலிருந்து மூன்று தலைப்புகளாகச் சுருங்கிவிட்டது: நிகழ்ச்சியின் அமைப்பு, அதை முன்வைக்கும் விதம், ஸ்கேட்டிங் திறன். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு, ஃப்ரீ ஸ்கேட் என்ற நீண்ட நிகழ்ச்சியில் ஆண்களுக்கு மொத்தத்தை 3.33-ஆலும் பெண்களுக்கு 2.67-ஆலும் பெருக்குகிறார்கள். அதாவது, உலகமே உருகும்படி ஆடினாலும் ஆண்களுக்கு ஏறத்தாழ 100-க்கு மேலும் பெண்களுக்கு ஏறத்தாழ 80-க்கு மேலும் கலைப் பகுதியிலிருந்து வராது. தாவல் பக்கத்துக்கு அப்படி ஒரு கூரை இல்லை. இன்னொரு சுற்றைச் சேர்க்க முடிந்தால் இன்னும் மேலே போகலாம்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்துப் பயிற்சியை அமைத்த காலம் எனக்கு இருந்தது. அதற்கு விலை கொடுத்தவள் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய தாவல்களை ஏழெட்டு மாதம் தனித்தனியாகச் சுட்டெடுத்த செங்கல் போலத் தயார் செய்து அடுக்கிவிட்டு, போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் பாட்டைப் போட்டு, அதற்கு மேல் கை அசைவுகளைப் பூசினேன். ‘பூசினேன்’ என்பதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். முக்கியத் தாவல்களில் ஆக்ஸல் மட்டுமே முன்னோக்கிப் பார்த்தபடி எழும்புவது. அதனால் பெயரில் ஒன்று என்றாலும் காற்றில் ஒன்றரைச் சுற்று. எழும்பும்போது கைகளை உடலோடு சேர்த்தால் சுற்று வேகமெடுக்கும். இறங்கும் நொடியில் விரித்தால் வேகம் அடங்கி, பின்னோக்கிய வெளி எட்ஜில் உடல் நிலைபெறும். நான் சேர்த்த அசைவிலோ, பாட்டின் ஓர் அழுத்தத்துக்காக அவள் கைகள் அந்த நொடிக்குச் சற்று முன்பே விரிய வேண்டியிருந்தது. தனியாகச் செய்யும்போது பத்துக்கு எட்டு முறை வந்துகொண்டிருந்த ஆக்ஸல், பாட்டோடு செய்தபோது பத்துக்கு இரண்டாயிற்று. போட்டியில் இரண்டு முறை விழுந்தாள். அவள் அழவில்லை, என்னைப் பார்க்காமல் ஷூ லேஸை வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் எனக்கு உடனே விளங்கவில்லை. பதற்றம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் அவளை அழைத்துவந்த தாத்தா, திட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “கை சரியாத்தான் இருக்கு மாஸ்டர். கால்தான் பாட்டுக்கு முன்னாடி ஓடிப்போயிடுது” என்றார். அவர் சிறு வயதில் சார்பட்டா, இடியப்ப பரம்பரை வீரர்களின் குத்துச்சண்டையைப் பார்த்து வளர்ந்தவர். குத்தை எல்லாரும் பார்ப்பார்கள், காலைப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பது அவர் கட்சி. ஸ்கேட்டிங்கைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் அவர் சொன்னதற்குப் பிறகு பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். தாவலுக்கு முந்திய நான்கு அடிகளில் அவள் முழங்கால் ஒரே அளவில் விறைத்திருந்தது. பாட்டு எங்கே தாழ்ந்தாலும் எழுந்தாலும் அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை. விறைத்த முழங்காலிலிருந்து உயரம் வராது. உயரம் இல்லாவிட்டால் கைகளை விரிக்க நேரம் போதாது. அவள் ஆட்டத்தில் உணர்ச்சி பாவம் இல்லை என்று நான் குறைபட்டுக்கொண்டதும், ஆக்ஸல் நிற்கவில்லை என்று தவித்ததும் ஒரே முழங்காலைப் பற்றிய புகார்கள்தாம்.

அதன் பிறகு விதிகளை மறுபடி வாசித்தபோது முன்பு கண் தாண்டிப்போன ஒன்று பட்டது. பனிச்சறுக்கில் ஒவ்வொரு தாவலின் தரத்துக்கும் -5 முதல் +5 வரை நடுவர்கள் புள்ளி தருகிறார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம். கூட்டுவதற்கான ஆறு காரணங்களில் உயரமும் நீளமும் ஒன்று, எழுதலும் இறங்குதலும் ஒன்று, சிரமம் தெரியாமல் செய்வது ஒன்று, இசையோடு பொருந்துவது ஒன்று. தொழில்நுட்பப் பகுதி என்று நான் வேலி போட்டு வைத்திருந்த இடத்துக்குள்ளேயே இசை உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ட்ரிக்ஸி ஷூபா வட்டங்களில் எவரும் நெருங்க முடியாத துல்லியத்தால் தங்கம் வென்றார். ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் அவர் இடம் வெகு பின்னால். வெண்கலம் பெற்ற ஜேனட் லின்னோ சுழற்சியில் விழுந்தும் சிரித்தபடியே எழுந்து, ஜப்பானிய ரசிகர்களின் மனத்தில் நிலைத்துவிட்டார். வட்டங்களின் செல்வாக்கைக் குறைக்கும் பொருட்டு 1973-இல் ஷார்ட் ப்ரோக்ராம் என்ற குறு நிகழ்ச்சி வந்தது. என் வகுப்பில் இந்தக் கதையைக் கேட்ட பையன் ஒருவன், அப்படியானால் நாம் ஏன் இன்னும் வட்டம் போடுகிறோம் என்று கேட்டான். லின்னும் வட்டம் போட்டுத்தான் வளர்ந்தார் என்றேன். பதில் சரிதான், ஆனால் அவனுக்குத் திருப்தியில்லை.

இப்போது தொண்ணூறு நிமிட வகுப்பை வேறு மாதிரி நடத்துகிறேன். ஷூ மாட்டுவதற்கு முன்பே பாட்டு ஓடும். வெறுங்காலில் அதைக் கேட்டு நடக்க வேண்டும், முழங்கால் மட்டும் பேச வேண்டும், கைகள் பின்னால் கட்டியிருக்க வேண்டும். பரதம் கற்ற பிள்ளைகள் இங்கே கொஞ்சம் முன்னால் இருக்கிறார்கள், அரைமண்டி அவர்களுக்குத் தொடையில் ஊறியிருப்பதால். ஆனால் தரையைத் தட்டிப் பழகிய காலைச் சறுக்க விடுவதற்கு அவர்கள் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. பிறகு வட்டங்கள், அவையும் பாட்டோடுதான். ஒரு புதிய தாவலைச் சொல்லித்தரும் முதல் வாரத்திலேயே கை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே தருகிறேன். முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கிறது. இரண்டு குடும்பங்கள் டபுள் சீக்கிரம் வரும் வேறு வகுப்பைத் தேடிப் போய்விட்டன. போட்டி நெருங்கும் மாதத்தில் எனக்கே கை நடுங்கி, பாட்டை நிறுத்திவிட்டுத் தாவலை மட்டும் முப்பது முறை செய்யச் சொல்லும் நாட்கள் இப்போதும் வருகின்றன.

முப்பது முறை என்பதிலும் எனக்கு அச்சம் உண்டு. சிமெண்ட் தளம் முழங்காலையும் கணுக்காலையும் மன்னிப்பதில்லை. சிறு உடலுக்குச் சுற்று எளிது. பன்னிரண்டு பதின்மூன்றில் உயரமும் எடையும் கூடும்போது பழைய நேரக் கணக்குகள் எல்லாம் குலைந்துபோகும். சர்வதேசப் பனிச்சறுக்குச் சங்கம் 2022 ஜூனில் சீனியர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்தியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் பதினொரு வயதுக்காரிகளைப் பதினேழில் நிற்க வைத்துக் கற்பனை செய்து பார்த்தேன்.

அன்று விழுந்த பெண்ணுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஆக்ஸல் பாட்டோடு பத்துக்கு ஆறு முறை வருகிறது; டபுள் இன்னும் வரவில்லை. பனியில் தனிநபர் பிரிவில் 2014-15 பருவம் முதல் வரிகளுள்ள பாடல்களுக்கு அனுமதி உண்டு என்று எங்கோ தெரிந்துகொண்டு வந்து, அடுத்த நிகழ்ச்சிக்குக் கானா பாட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். சட்டிமேளத் தாளத்தில் நீளமான வெளி எட்ஜை எங்கே வைப்பது என்று கேட்டேன். நான் வரைந்த வட்டத்தில் இறங்கி, அடிகளுக்கு நடுவே பாட்டு ஒரு நொடி மூச்சு வாங்கும் இடத்தில் காலை நீட்டிப் பின்னோக்கிச் சறுக்கிக் காட்டினாள். கோட்டிலிருந்து ஒரு சாண் விலகியிருந்தது. மறுபடி போகச் சொன்னேன்.